சத்தம் வராத மைக்

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அறைக்குள் ஒரு பசுமாடு புகுந்துவிட்டது.

அதை முதலில் பார்த்தவள் சங்கரி. ஆறாம் வகுப்புக்கு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள்: "சாருமாரு ரூமுக்குள்ள மாடு போச்சு. பொறவு வெளிய வந்துட்டு."

"ஓ," என்றது வகுப்பு. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரசீதாவும் அந்த மாட்டைப் பார்த்திருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுட்டி! நீ சொன்னா கேக்கியவங்களுக்கு உறக்கம் வரும்," என்று பெஞ்சின் மேல் ஏறினாள். கையில் இருந்த ஸ்கேலை மைக்காகப் பிடித்துக்கொண்டாள்.

"மாடு வந்தாச்சு! வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு மரியாதையா ஒரு பார்வை! கணக்கு சார் மேசைக்க மேல ஏறியாச்சு! மாடு முட்டுதா? இல்ல! மாடு கத்துதா? இல்ல! நேரா போயி வீட்டுப்பாட நோட்டுல ஒண்ண எடுத்துக் கடிச்சாச்சு! யாருக்க நோட்டு? சஜினுக்க நோட்டாக்கும்! உள்ள ஒண்ணும் எழுதல்ல! மாடு துப்பியாச்சு!"

வகுப்பே உருண்டு சிரித்தது. சஜினும் சிரித்தான்.

சங்கரி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். ஒரே மாட்டைத்தான் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஆனால் பிரசீதா வாய் திறந்தால்தான் மாடு உயிரோடு நடக்கிறது. இது எப்படி என்று சங்கரிக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. தன் தோழி என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இதெல்லாம் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் செங்கல் என்ற ஊருக்குக் கேபிள் டிவி வருவதற்கு முன்பு.

அப்போது சங்கரி வீட்டு மாடியில் ஆன்டெனாதான் இருந்தது. திருவனந்தபுரம் பக்கம் திருப்பினால் மலையாளம் வரும். கொடைக்கானல் பக்கம் திருப்பினால் தமிழ் வரும். சங்கரியின் அப்பா காந்திமதிநாதன் மாடியில் நின்று கம்பியைத் திருப்புவார். "வந்தா?" என்று அவர் கத்த, "முகம் வந்து, மூக்கு வரல்ல!" என்று கீழேயிருந்து பிரசீதா கத்துவாள். டிவியைவிட அதுதான் வேடிக்கையாக இருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் ராஜதாஸ் அண்ணன் கேபிள் இழுத்தார். மூக்கு, முகம், நகப்பூச்சு எல்லாமே பளிச்சென்று வந்தன. கூடவே விளம்பரங்களும் வந்தன.

ஒரு விளம்பரத்தில் கறுப்பான அக்கா ஒருத்தி மூலையில் அழுதுகொண்டிருப்பாள். ஒரு கிரீம் பூசுவாள். வெளுத்துவிடுவாள். உடனே அவளுக்கு வேலை கிடைக்கும், கல்யாண மாலை கிடைக்கும், அதுவரை பேசாமல் இருந்த அவள் அப்பாகூடச் சிரிப்பார். கறுப்பாக இருந்தபோதும் அவள் அதே வேலைக்கான பரீட்சையைத்தானே எழுதியிருப்பாள்? அதை அந்த விளம்பரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பேச்சும் அப்படித்தான். தமிழ்ப் படத்தில் பிரசீதாவைப் போலப் பேசுகிறவர் டீ ஆற்றுவார், அடி வாங்குவார். மலையாளப் படத்தில் பிரசீதாவைப் போலப் பேசுகிறவர் வேலைக்காரராக வருவார், அங்கேயும் அடி வாங்குவார். எல்லையில் இருக்கிற ஊருக்கு இரண்டு பக்கமும் அடி.

பிரசீதா இதையெல்லாம் சங்கரி வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் வாய் சிறியதாகிக்கொண்டே போனது.

முதலில் முகத்தில் பவுடர் ஏறியது. பிறகு நடை மாறியது. ஒருநாள் வாசலில் நின்று, மூக்கால் பேசுவதுபோல, "ஹாய் ஆன்ட்டி, சங்கரி இருக்காளா?" என்று கேட்டாள்.

சங்கரியின் அம்மா பிச்சம்மாள் உள்ளே வந்து கவலையோடு சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு சளி பிடிச்சிருக்குபோல. கொஞ்சம் சுக்குத் தண்ணி போட்டுக் குடுக்கட்டா?"

சங்கரி சிரித்தாள். ஆனால் பிறகு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

ஓணம் வந்தது. ஊரில் ஜோதி கிளப் நடத்தும் வடம்வலிப் போட்டிதான் ஓணத்தில் பெரிய விஷயம். தடித்த கயிற்றின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். 'வலி' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'இழு'. ஜெயித்த அணிக்கு ஓர் ஆள் உயரத்துக்கு ஏத்தங்குலை, அதாவது நேந்திர வாழைத்தார், பரிசு. ஒவ்வொரு வருஷமும் மைக்கைப் பிடித்துக் கமென்ட்ரி சொல்வது பிரசீதாதான். அவள் சத்தம் கேட்டால்தான் கயிறே இறுகும் என்று ஊரில் பேச்சு.

இந்த வருஷம் பெண்கள் போட்டியில் செங்கல் அணியும் வெள்ளறடை அணியும் மோதுகின்றன. செங்கல் அணியில் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றி நிற்கப்போகிறவர் ஜெயபாய். பிரசீதாவின் அம்மா. தினமும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குக் கூடையைத் தலையில் சுமந்து பாறசாலைச் சந்தைக்குப் போகிறவர்.

சங்கரியும் பிரசீதாவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது ராஜதாஸ் அண்ணன் சங்கரி வீட்டுக்கு வந்தார். அவர் கிளப்பின் செயலாளரும்கூட.

"பிள்ளைகளே, ஒரு விசேஷம் உண்டு. இந்தத் தடவ வடம்வலிய கேமராவுல பிடிச்சு, ராத்திரி நம்ம கேபிள்ல போடப் போறேன். ஊரு முழுக்க டிவியில பாக்கும்!"

"அப்போ பிரசீதா டிவியில வருவாளா?" என்று குதித்தாள் சங்கரி.

ராஜதாஸ் அண்ணன் தலையைச் சொறிந்தார். "பிரசீதா பேசட்டு. நீ முன்னால நில்லு மக்கா. டிவியில பாக்கதுக்கு ஒரு இது வேண்டாமா?"

"என்ன இது?"

"ஒரு… இது."

அந்த 'இது' என்னவென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பிரசீதா தன் கையைப் பார்த்தாள். பிறகு சங்கரியின் வெளுத்த கையைப் பார்த்தாள்.

ராஜதாஸ் அண்ணன் கெட்டவர் இல்லை. மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் ஏறி வயர் கட்டித் தருகிறவர். நல்லவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும்போதுதான் இப்படிப்பட்ட வார்த்தை ஆழமாகக் குத்தும்.

"பிரசீதா மேடையில திரைச்சீலைக்குப் பின்னால நிப்பா. அவளுக்கு நல்ல மைக். சங்கரி முன்னால நிப்பா. அவளுக்குச் சத்தம் வராத மைக். வாய மட்டும் அசைச்சா போதும்," என்றார் அவர்.

சங்கரிக்குக் கோபம் வந்தது. "அது கள்ளத்தனமில்லா?"

"இல்லட்டி, நல்ல ஐடியாவாக்கும்!" என்றாள் பிரசீதா, வேகமாக. "சினிமாவுல அப்பிடித்தான். ஒருத்திக்க முகம், இன்னொருத்திக்க சத்தம். எனக்குச் சம்மதம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று அவள் டிவி பார்க்க உட்காரவில்லை. அம்மா தேடுவாள் என்று சொல்லிப் போய்விட்டாள்.

திருவோணத்தன்று மைதானம் நிறைந்து வழிந்தது. மேடையில் பழைய பச்சைத் திரைச்சீலை. அதற்குப் பின்னால், முகத்தில் அரை டப்பா பவுடரோடு பிரசீதா. கேமராவில் தெரியாத முகத்துக்கு எதற்குப் பவுடர் என்று சங்கரி கேட்கவில்லை.

திரைச்சீலையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் மைதானத்தில் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியில் நின்றது வெள்ளறடை அணி.

"நம்ம பக்கத்துல நடக்கியத நீ மெல்லச் சொல்லித் தா," என்றாள் பிரசீதா. "வாய் அசைக்கவும் மறக்காத."

விசில் ஊதியது.

"வலிச்சோ! வலிச்சோ! வெள்ளறடை கால ஊணியாச்சு! வெள்ளறடை பின்னால சாயுது! வெள்ளறடைக்கு மலையேறின காலாக்கும்!"

சங்கரி வாயை அசைத்தாள். மீன் மூச்சு விடுவதுபோல இருந்தது. பார்த்த பாதியைப் பற்றித்தானே பிரசீதா பேச முடியும்? தங்களைப் பற்றியே பேச்சு வரவும், வெள்ளறடைப் பெண்களுக்குத் தெம்பு கூடிவிட்டது. 'நாம செங்கல்ல இழுக்கமா, வெள்ளறடையில இழுக்கமா?' என்பதுபோல ஜெயபாய் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கேட்டது: "சங்கரி… எட்டி சங்கரி… எங்கம்மை விழுந்தாளா?"

கூட்டம் மேடையை நிமிர்ந்து பார்த்தது.

"எலே, அந்தப் பிள்ள அவளுக்க பேர அவளே கூப்பிடுதா!" என்றார் ஒருவர்.

"அது ஜெயபாய்க்க மொவளுக்க சத்தமில்லா?" என்றார் இன்னொருவர்.

முதல் சுற்றில் வெள்ளறடை ஜெயித்தது.

சங்கரி திரைச்சீலைக்குள் தலையை நீட்டினாள். "வெளிய வாட்டி. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"மாட்டேன். கேமரா நிக்குது. எனக்க மூஞ்சிய ஊரே பாக்கும்."

"ஊரு தெனமும் பாக்குதே!"

"டிவியில பாக்கல்லியே!" பிரசீதா திரைச்சீலையை இறுக்கிப் பிடித்தாள். "டிவியில என்னைப் போல யாராவது உண்டா? நீ சொல்லு. இருந்தா வாறேன்."

சங்கரி யோசித்துப் பார்த்தாள். மூலையில் அழும் அக்கா, அடி வாங்கும் டீக்கடைக்காரர், அவ்வளவுதான். 'நீ அழகுதான்' என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். தினமும் நூறு தடவை டிவி வேறு மாதிரிச் சொல்லும்போது, ஒருத்தி ஒரு தடவை சொல்லி என்ன ஆகும்?

விசில்காரர் இரண்டாம் சுற்றுக்குக் கை தூக்கினார்.

அப்போதுதான் சங்கரிக்கு அந்தப் பசுமாடு நினைவுக்கு வந்தது.

பிரசீதா பசியைப் பொறுப்பாள். அடியைக்கூடப் பொறுப்பாள். ஆனால் ஒரு நல்ல காட்சியை யாராவது உப்புச்சப்பில்லாமல் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டாள். உப்புச்சப்பில்லாமல் சொல்வதில் செங்கல் ஊரில் சங்கரியை அடிக்க ஆளே இல்லை.

விசில் ஊதியது. கயிறு விறைத்தது.

"எங்கம்மை என்ன செய்யா?" திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேள்வி. ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"நிக்கிறா," என்றாள் சங்கரி.

"எப்பிடி நிக்கா?"

"கயிறப் பிடிச்சுட்டு நிக்கிறா."

"அது தெரியும்! நம்ம ஆளுவ முன்னால போவுதாவளா, பின்னால போவுதாவளா?"

"ஆமா."

"என்னட்டி ஆமா!"

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. ராஜதாஸ் அண்ணன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, 'வாய அசை, வாய அசை' என்று கையைக் காட்டினார். சங்கரி சத்தம் வராத மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

மைதானத்தில் ஜெயபாயின் கால் சேற்றில் வழுக்கியது. அவர் முழங்கால் தரையில் பட்டது. ஆனால் கயிற்றை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சாய்ந்த மரம் நிமிர்வதுபோல, மெல்ல எழுந்துகொண்டிருந்தார். மைதானம் முழுக்க மூச்சைப் பிடித்துப் பார்த்தது. உலகத்திலேயே சிறந்த கமென்ட்ரி வேண்டிய நேரம் அது.

"இப்போ என்ன நடக்குது? சொல்லித் தொலை!"

"உங்கம்மா கீழ என்னமோ செய்றாங்க," என்றாள் சங்கரி.

"என்னமோவா?"

பச்சைத் திரைச்சீலை விறுவிறுவென்று ஆடியது. கட்டியிருந்த கயிறு அறுந்தது. முழுத் திரைச்சீலையும் சங்கரியின் தலையில் விழுந்து அவளை மூடியது. அதைத் தாண்டிக் குதித்து மேடை விளிம்புக்கு வந்து நின்றாள் பிரசீதா. கண் மைதானத்தில் இருந்தது. கேமரா ஒன்று இருப்பதையே அவள் மறந்துபோனாள்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! முட்டு தரையில, கயிறு கையில! விடல்ல, அவ விடல்ல! யாருன்னு தெரியுமா? எனக்க அம்மையாக்கும்! பாறசாலைச் சந்தைக்குத் தெனமும் கூடை சுமக்கிய கழுத்தாக்கும் அது! இந்தக் கயிறு அதுக்கு ஒரு பூமாலை! எழும்பு அம்மா! எழும்பு! எழும்பியாச்சு!"

மைதானம் எழும்பி நின்றது.

"வெள்ளறடை மாமிமாரு கால நட்டாச்சு! மரச்சீனிக் கம்பு நட்டது மாதிரி நட்டாச்சு! நட்டா என்ன? எங்களுக்குப் புடுங்கத் தெரியாதா? புடுங்குங்கம்மா! அடியில கிழங்கு உண்டான்னு பாப்போம்! ஒரு கம்பு இளகியாச்சு! ரெண்டு கம்பு இளகியாச்சு! வலிச்சோ! வலிச்சோ! வலிச்சோ!"

தமிழ் எங்கே முடிந்தது, மலையாளம் எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெள்ளறடைப் பெண்கள் சிரித்துச் சிரித்தே கை தளர்ந்தார்கள். கயிறு செங்கல் பக்கம் பாய்ந்தது.

திரைச்சீலைக்கு அடியிலிருந்து சங்கரி கை தட்டினாள். தட்டியது யாருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாம் சுற்று நீண்ட நேரம் நடந்தது. பிரசீதா இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே கத்தினாள். கடைசியில் வெள்ளறடைதான் ஜெயித்தது. அவர்களுக்கு நிஜமாகவே மலையேறின கால்.

அந்த அணியின் தலைவி ராஜபாய், ஏத்தங்குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். "குலைய நாங்க கொண்டு போறோம். இந்தப் பிள்ளையையும் தருவியளா? அடுத்த மாசம் எங்க ஊருல போட்டி உண்டு. இங்ஙன ஒரு கமென்ட்ரி நாங்க கேட்டதே இல்ல!"

"பிள்ளைய வேணும்னா ஒருநாளைக்குத் தாறேன்," என்றார் ஜெயபாய், சேறு படிந்த முழங்காலைத் துடைத்தபடி. "குலையில பாதி இஞ்ச வச்சுட்டுப் போங்க."

அப்போதுதான் பிரசீதா கேமராவைப் பார்த்தாள். அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சங்கரியின் தலையில் கிடந்த திரைச்சீலைக்குள் புகுந்துகொண்டாள்.

"நீ வேணும்னுதானே அப்பிடிச் சொன்ன?" உள்ளே இருட்டில் கேட்டாள்.

"வேணும்னுதான். ஆனா எனக்கு எப்பவும் அப்பிடித்தானே வரும்?"

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சங்கரி வீட்டில் கூடினார்கள். ஜெயபாய் வாசலிலேயே நின்றார். பிச்சம்மாள் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து டிவிக்கு நேராகப் போட்டார். "இரி ஜெயபாய். உன்னத்தானே காட்டப் போறாங்க."

பிரசீதா கதவுக்குப் பின்னால் இருந்தாள். விரலால் கண்ணை மூடியிருந்தாள். விரல்களுக்கு நடுவே இடைவெளியும் விட்டிருந்தாள்.

படம் வந்தது. முதலில் சங்கரி, மீனைப் போல. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு திரைச்சீலை விழுந்தது. பிறகு பிரசீதா.

வியர்வையில் கரைந்த பவுடர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்: "ஐயோ! பாதியில நிறுத்தின வெள்ளையடிப்பு மாதிரி இருக்கு!"

ஆனால் படத்தில் இருந்தவள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. அவள் கண் இரண்டும் எரிந்தன. கை காற்றில் கயிறு இழுத்தது. 'எனக்க அம்மையாக்கும்!' என்று அவள் கத்தியபோது, ஜெயபாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நானா? கொள்ளாமே! நல்லாத்தான் இருக்கேன்!" என்றார் தன்னைப் பார்த்து. சேறும், அவிழ்ந்த கொண்டையும், கறுத்த முகமுமாக இருந்த தன்னைப் பார்த்து, சந்தோஷமாக.

பிரசீதா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். பிறகு நடு அறையில் வந்து நின்று, டிவியில் இருந்த பிரசீதாவோடு சேர்ந்து, "வலிச்சோ!" என்று கத்தினாள். சளி எல்லாம் போய்விட்டது என்று பிச்சம்மாள் முடிவு செய்தார்.

படம் முடிந்ததும் ராஜதாஸ் அண்ணன் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது, திரும்பப் போடச் சொல்லி. அவர் திரும்பப் போட்டார். மறுநாளும் போட்டார். 'இது' எங்கே போயிற்று என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சங்கரி மட்டும் ஒருநாள் கேட்டாள். அவர் அவசரமாகக் கம்பத்தில் ஏறிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் சங்கரி கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தெருவில் சின்னப் பிள்ளைகள் வாழைநார்க் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டிக் கேமரா ஒன்று. பழைய போர்வையில் ஒரு திரைச்சீலை. ஒரே சண்டை.

"நான்தான் பிரசீதாக்கா!"

"நீ நேத்து இருந்தல்லா! இன்னைக்கு நான்தான் பிரசீதாக்கா!"

"உனக்குச் சத்தம் பத்தாது, போ!"

ஐந்து வயது ஆர்யா பப்பாளித் தண்டை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "எனக்க அம்மையாக்கும்! எனக்க அம்மையாக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

சங்கரிக்கும் ஆசை வந்தது. "நான் யாரா இருக்கட்டு?"

ஆர்யா அவளை மேலும் கீழும் பார்த்தாள். நன்றாக யோசித்தாள்.

"நீங்க திரைச்சீலையப் பிடிங்கக்கா."

சங்கரி போர்வையின் ஓரத்தைப் பிடித்து, அந்தக் குட்டிப் பிரசீதா வருவதற்கு வழிவிட்டு, ஒரே இழுப்பில் விலக்கினாள்.